யாரைப் பின்தொடர்வது? சமூக ஊடகத்தில் நம்பகமான கற்றல் வட்டம் அமைக்கும் முறை

அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னைவாசிகளுக்குத் தினமும் ஒரே கேள்விதான்: நாளைக்கு மழை உண்டா, எங்கே, எவ்வளவு? பதில் சொல்லும் கணக்குகள் எக்ஸிலும் ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் ஏராளம். அவற்றில் சிலவற்றை இரண்டு மூன்று சீசன் விடாமல் படித்தால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்றால் என்ன, ரேடார் படத்தை எப்படிப் பார்ப்பது, வேளச்சேரியில் கொட்டுகிற மழை அம்பத்தூரில் ஏன் தூறலோடு நின்றுவிடுகிறது என்பதெல்லாம் பிடிபட ஆரம்பிக்கும். வேறு சில கணக்குகளைப் படித்தால் பயம் மட்டும்தான் மிஞ்சும். ஃபாலோயர் எண்ணிக்கையை வைத்து இந்த இரண்டு வகையையும் பிரிக்க முடியாது.

எப்படிப் பிரிப்பது, பிரித்தவர்களை வைத்து நமக்கென்று ஒரு கற்றல் வட்டத்தை எப்படி அமைப்பது என்பதுதான் இந்தப் பதிவு. வானிலையை முதன்மை உதாரணமாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. இன்று சொன்னது சரியா என்று நாளைக்கே தெரிந்துவிடும். பங்குச்சந்தையிலோ மருத்துவத்திலோ அந்த வசதி கிடையாது. அதனால் ஆட்களை எடைபோடும் பழக்கத்தை வானிலையில் ஆரம்பித்து, பிறகு மற்ற துறைகளுக்குக் கொண்டுபோவது எளிது.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். "வானிலை கற்க வேண்டும்" என்பதை வைத்துக்கொண்டு யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. "ரேடார் படத்தைப் பார்த்து, அடுத்த 2 மணி நேரத்தில் எங்கள் பகுதியில் மழை வருமா என்று நானே சொல்ல வேண்டும்" என்றால் யார் தேவை, யார் தேவையில்லை என்பது உடனே தெரியும். பெருங்குடியில் அடுக்குமாடிச் சங்கம் நடத்துபவருக்கு "எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்பு ஏன் கூடுகிறது?" என்பது நல்ல கேள்வி. "நீர் மேலாண்மை" என்பது அவருக்கு உதவாது.

அடுத்து, விதை, அதாவது தேடலைத் தொடங்கும் முதல் கணக்கு. ஆப் பரிந்துரைக்கும் கணக்குகளிலிருந்து தொடங்காதீர்கள். உங்களைப் போன்றவர்கள் எதில் அதிக நேரம் நின்றார்கள் என்பதை வைத்துத்தான் அந்தப் பரிந்துரை வருகிறது. பொறுப்பு ஏற்கும் ஒரு நிறுவனத்திலிருந்து தொடங்குங்கள். வானிலைக்கு அது நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மையம். அதன் அறிக்கையை எடுத்து வைத்து விளக்குகிறவர்கள் யார், அதோடு காரணம் சொல்லி மாறுபடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பேர் ஒரே ஆளை மேற்கோள் காட்டினால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளலாம். இப்படி ஒரு வாரத்தில் பதினைந்து இருபது பெயர் சேரும். யாரையும் இன்னும் ஃபாலோ செய்ய வேண்டாம். எக்ஸில் தனிப்பட்ட லிஸ்ட் ஒன்றைத் தொடங்கி அதில் போட்டுவையுங்கள். பிரைவேட் லிஸ்ட் என்றால் சேர்க்கப்பட்டவருக்குத் தகவல் போகாது, வெளியாருக்கும் தெரியாது.

நீல டிக்கைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். 2023 ஏப்ரலில் எக்ஸ், அப்போது ட்விட்டர், பழைய சரிபார்ப்பு டிக்குகளை நீக்கியது. அதன் பிறகு மாதச் சந்தா கட்டுகிறவருக்கு நீல டிக் கிடைக்கிறது. சாம்பல் டிக் அரசு சார்ந்த கணக்குக்கு, தங்க நிற டிக் நிறுவனங்களுக்கு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் கட்டண டிக் இந்தியாவுக்கு வந்தது 2023 ஜூனில். அவர்கள் அடையாள அட்டையைச் சரிபார்ப்பார்கள். அந்த ஆளுக்குத் துறை தெரியுமா என்பதைச் சரிபார்ப்பதில்லை.

இனி முக்கியமான வேலை: நான்கு வாரக் கண்காணிப்பு. கூகுள் ஷீட்டோ கோடு போட்ட நோட்டோ போதும். தேதி, கணக்கின் பெயர், என்ன சொன்னார், எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்குள், எவ்வளவு, என்ன நடந்தது, அதன்பின் அவர் என்ன சொன்னார். கடைசிப் பத்திதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதை மட்டும் காலியாக விடாதீர்கள்.

"என்ன நடந்தது" என்பதை நிரப்பும்போது ஒரு சிக்கல் வரும். இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. ஆக, செவ்வாய் நள்ளிரவு பெய்த மழை புதன்கிழமைக் கணக்கில்தான் வரும். இது தெரியாமல் "செவ்வாய்க்கிழமை மழை என்றார், பதிவாகவே இல்லையே" என்று ஒருவரைத் தவறாக ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. அதேபோல நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் இரண்டு நிலையங்களின் அளவையும் எழுதுங்கள். ஒரே இரவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வருவது சாதாரணம். "கனமழை" என்ற சொல்லுக்கும் அளவு இருக்கிறது: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. ஒருவர் இந்தச் சொற்களை அளவோடு பயன்படுத்துகிறாரா, வாய்க்கு வந்தபடி பயன்படுத்துகிறாரா என்பது நான்கு பதிவுகளிலேயே தெரிந்துவிடும்.

இதைவிட நுணுக்கமான விஷயம் ஒன்று. நவம்பர் மாதத்தில் "இந்த வாரம் சென்னையில் மழை இருக்கு" என்று யார் சொன்னாலும் பெரும்பாலும் பலிக்கும். அது கணிப்பு ஆகாது, காலண்டர். ஒருவருடைய பதிவில் இடம், நேரம், அளவு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இல்லையென்றால் அதை ஷீட்டில் ஏற்றவே வேண்டாம். மறுபக்கம், "70 சதவீத வாய்ப்பு" என்று சொன்னவர் ஒரு நாள் தவறியதற்காக அவரைத் தூக்கிவிடவும் கூடாது. 70 என்று அவர் சொன்ன பத்து நாட்களில் ஏழு நாள் பெய்திருந்தால் அவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். எல்லா நாளும் பெய்திருந்தால் அவர் தேவைக்கு மேல் தயங்குகிறார் என்று பொருள். எப்போதும் "நிச்சயம்", "உறுதி" என்று எழுதுகிறவரிடம் இப்படி எண்ணிப் பார்க்க வழியே இல்லை. அவரை விட்டுவிடலாம்.

பத்து நாள் முன்கூட்டியே வங்கக்கடலில் சிவப்பாக ஒரு சுழல், கீழே "சென்னையை நோக்கி?" என்று ஒரு கேள்விக்குறி. இதுதான் அதிகம் பகிரப்படும் வகை. ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்கக் கணினி வானிலை மாடல் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. தொடக்க நிலையில் இருக்கும் சின்னப் பிழை நாட்கள் போகப் போகப் பெருகும் என்பதால், பத்தாம் நாள் படம் ஒவ்வொரு ஓட்டத்திலும் இடம் மாறும். ஒரு ஓட்டத்தில் சென்னை, அடுத்ததில் ஆந்திரா, அதற்கடுத்ததில் புயலே இல்லை. நான்கில் பயங்கரமான ஒன்றை மட்டும் எடுத்துப் போடுகிறவர் பொய் சொல்லவில்லை என்றாலும் உங்களை ஏமாற்றுகிறார். நல்லவர் எந்த மாடல், எந்த ஓட்டம் என்று எழுதுவார். ஐரோப்பிய மாடல் என்ன சொல்கிறது என்பதையும் பக்கத்தில் வைப்பார். நேற்றுச் சொன்னதிலிருந்து எது மாறியது என்பதையும் சொல்வார்.

தவறு நேர்ந்த மறுநாள் காலையை மட்டும் தனியாகக் கவனியுங்கள். பழைய பதிவு அப்படியே இருக்கிறதா, அதற்குக் கீழேயே "இது நடக்கவில்லை, காரணம் இது" என்று எழுதியிருக்கிறாரா, இல்லை சத்தமில்லாமல் அழித்துவிட்டாரா? எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான அளவுகோல். பிழைக்குக் காரணம் சொல்லும் பதிவிலிருந்து கற்றுக்கொள்ளக் கிடைப்பது, பலித்த பத்துப் பதிவுகளிலிருந்துகூடக் கிடைக்காது. சந்தேகமாக இருக்கும் கணக்கின் பதிவைத் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள், அல்லது இணையப் பக்கங்களின் நகலை வைத்திருக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்துவிடுங்கள்.

நான்கு வாரம் முடிந்ததும் இருபதில் ஐந்தாறு பேர் மிஞ்சினாலே நல்ல அறுவடை.

இனி ஒரு தனிப் பதிவைச் சோதிக்கும் விதம். செம்பரம்பாக்கம் ஏரியின் ஷட்டர்கள் திறந்து தண்ணீர் பாயும் வீடியோ, "இப்போ வந்தது, அடையாறு கரையில இருக்கிறவங்க உடனே கிளம்புங்க" என்ற ஆடியோவோடு வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் என்பதால் யாரும் இதை நிதானமாகப் படிக்க மாட்டார்கள். செய்ய வேண்டியது: வீடியோவை நிறுத்தி, மதகு, கைப்பிடிச் சுவர், பலகை ஏதாவது தெளிவாகத் தெரியும் ஃபிரேமை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். முந்தைய வருடப் பதிவு அதில் வந்துவிட்டால் வேலை முடிந்தது. வரவில்லை என்றால், சென்னைக் குடிநீர் வாரியம் தினமும் வெளியிடும் ஏரி நிலவரத்தைப் பாருங்கள். ஏரியின் முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அன்றைய மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். மட்டம் 15 அடியில் இருக்கும்போது உபரி நீரை அப்படித் திறந்துவிடக் காரணமே இல்லை.

ஆனால் இங்கே கவனம். அந்தப் பட்டியல் காலை நிலவரம். மட்டம் 22 அடியைத் தொட்டு, மழையும் விடாமல் பெய்கிறது என்றால் மதியமே ஷட்டரைத் திறக்கலாம், பட்டியலில் அது தெரியாது. அப்போது மாவட்ட நிர்வாகமோ நீர்வளத் துறையோ வெளியிடும் வெள்ள எச்சரிக்கையைத் தேட வேண்டும். உபரி நீர் திறப்பை எத்தனை மணிக்கு, எத்தனை கன அடி என்று அறிவிப்பார்கள். மணியும் கன அடியும் இல்லாத எச்சரிக்கையை அப்படியே ஃபார்வர்டு செய்யாதீர்கள். நீங்கள் ஆற்றங்கரையில் குடியிருந்தால் சரிபார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில் பையை எடுத்துவைப்பதில் தவறில்லை. பகிர்வதற்குத்தான் சான்று வேண்டும், தயாராவதற்கு வேண்டாம்.

பள்ளி விடுமுறை அறிவிப்பும் இதே கதை. போன வருட அறிவிப்பில் தேதியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்புவார்கள். விடுமுறை அறிவிப்பவர் அந்தந்த மாவட்ட ஆட்சியர். வேளச்சேரி சென்னை மாவட்டம், தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம். ஒன்றுக்கு விடுமுறை என்றால் மற்றதற்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாட்ஸ்அப் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அந்த அம்பைப் பார்த்தாலே மூலத்தைத் தேட வேண்டும். தமிழில் தேட யூடர்ன் என்ற உண்மை சரிபார்ப்புத் தளம், தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் இரண்டும் உண்டு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே உதவும். வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து எது நம்பகமானது என்று கேட்டார்கள். படித்தவர்களான பேராசிரியர்களில் பலரே தளத்தின் தோற்றத்திலும் பெயரிலும் ஏமாந்தார்கள். அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழ் வரை உன்னிப்பாகப் படித்ததுதான் காரணம். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புது டேப்களைத் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரு கணக்கை எடைபோடும்போதும் அதையே செய்யுங்கள். அவருடைய பயோவைப் படிப்பதில் நேரம் போகவேண்டாம்.

மற்ற துறைகளுக்கு வரலாம். ஒருவரை மழைக்கு நம்புவதால் மாத்திரைக்கும் நம்ப வேண்டியதில்லை. அதற்காகவே ஷீட்டில் பெயருக்குப் பக்கத்தில் துறையையும் எழுதிவையுங்கள். துறை தாண்டி அவர் பேசும்போது அவரும் நம்மைப் போல ஒரு வாசகர்தான்.

பங்குச்சந்தையில் ஆலோசனை சொல்கிறவருக்கு சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் பதிவு எண் இருக்க வேண்டும். முதலீட்டு ஆலோசகர் எண் ஐஎன்ஏ என்றும், ஆய்வாளர் எண் ஐஎன்எச் என்றும் தொடங்கும். எண் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மோசடிக்காரர்கள் உண்மையான எண்ணையே திருடிப் போட்டுக்கொள்கிறார்கள். செபி தளத்தில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி மூன்றும் உங்களிடம் பேசுகிறவருடையதுதானா என்று ஒப்பிடுங்கள். டெலிகிராமில் "விஐபி குரூப்" என்று அழைத்துப் பணம் கேட்டாலோ, அட்மினின் படத்தையே வைத்துக்கொண்டு தனிச் செய்தி வந்தாலோ அது கற்றல் விஷயமே இல்லை. பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். குரூப்பில் ஏபிகே கோப்பு, அதாவது ஆப்பை நிறுவும் கோப்பு, வந்தால் திறக்காதீர்கள், யார் அனுப்பியிருந்தாலும் சரி. மருத்துவரென்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். அவர் படித்த சிறப்புப் பிரிவும் அவர் பேசும் நோயும் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களின் டெலிகிராம் சேனல்களில் வேறு மாதிரிப் பிரச்சினை. ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் ஆதாரம் இருக்காது. வினாவுக்கு விடை வரும், எங்கிருந்து வந்தது என்று வராது. "எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தப் பதிப்பு?" என்று கேட்டுப் பழகுங்கள். பதிப்பு ஏன் என்றால், 2018-லிருந்து தமிழ்நாட்டுப் பாடநூல்கள் படிப்படியாக மாறின. பழைய புத்தகத்தை வைத்து எடுத்த நோட்ஸ் இன்னும் பிடிஎஃப்பாகச் சுற்றுகிறது. கேட்டதும் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிற அட்மின் இருந்தால் அந்தச் சேனலை வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவரை நீக்குகிற சேனலை நீங்களே நீக்கிவிடுங்கள். அறிவிக்கை, பாடத்திட்டம், விடைக்குறிப்பு மூன்றையும் தேர்வாணையத் தளத்தில் மட்டும்தான் பார்க்க வேண்டும்.

எத்தனை பேர் இருக்கலாம்? ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 12 முதல் 15 பேர் என்பது என் பரிந்துரை. அதற்கு மேல் போனால் படிப்பதற்குப் பதில் ஸ்க்ரோல்தான் செய்வோம். எல்லோரும் ஒரே வகை ஆட்களாகவும் இருக்கக் கூடாது. பெருங்குடி போர்வெல் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீர் ஆய்வாளர் ஒருவர், பக்கத்துத் தெருவில் மழைநீர் சேகரிப்பைச் சரிசெய்த சங்கச் செயலாளர் ஒருவர், போர்வெல் போட்டு வீடியோ போடுபவர் ஒருவர், குடிநீர் வாரியக் கணக்கு, தண்ணீர்ப் பரிசோதனை செய்பவர் ஒருவர், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றி எழுதுபவர் ஒருவர். ஆய்வாளருக்குக் கடல்நீர் ஊடுருவல் தெரியும். மழைநீர்க் குழியில் மணல் அடைத்து இரண்டே மழையில் வேலை செய்யாமல் போவதைப் பற்றிச் சங்கச் செயலாளருக்குத்தான் தெரியும். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாகிவிட்டது. அதற்குப் பிறகும் பல குழிகள் பெயரளவில் இருப்பதற்குக் காரணம் இரண்டாமவர் சொல்லும் விஷயம்தான். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதியதும் இதை ஒட்டியதே. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதுத் தகவல் லேசான பழக்கம் உள்ளவர்கள் வழியாகத்தான் வரும்.

பதினைந்து பேரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள் என்றால் உடனே சந்தோஷப்படாதீர்கள். ஒவ்வொருவரும் எதைச் சுட்டுகிறார்கள் என்று பின்னால் போய்ப் பாருங்கள். பல நேரம் எல்லா வழியும் ஒரே செய்திக் கட்டுரையிலோ ஒரே ட்வீட்டிலோ போய் முடியும். அப்போது உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சாட்சி. அதனால் பெரும்பான்மையோடு காரணம் சொல்லி மாறுபடும் இரண்டு பேரையாவது வட்டத்தில் வைத்திருங்கள்.

படித்துக்கொண்டே இருந்தால் வட்டம் ஆகாது, கேட்கவும் வேண்டும். நிரல் எழுதப் பழகுகிறவர் "பைத்தான் ஓடல, ஹெல்ப் ப்ளீஸ்" என்று மட்டும் கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது. எந்தப் பதிப்பு, எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம், பிழைச் செய்தி முழுதும் எழுத்தாக, இதுவரை எதைச் செய்து பார்த்தீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டாகப் போட்டால் உதவ வருபவர் அதைக் காப்பி செய்து தேட முடியாது. பதில் கிடைத்து வேலை முடிந்தால் என்ன செய்தீர்கள் என்பதை அங்கேயே எழுதிவிட்டு வாருங்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே அடுத்த முறை உங்களுக்குப் பதில் வரும். சென்னையில் நேரில் சந்திக்கவும் வழி உண்டு: பைத்தான்காரர்களுக்குச் சென்னைபை, லினக்ஸ் ஆர்வலர்களுக்கு ஐஎல்யூஜிசி என்ற குழுக்கள். திரையில் பார்த்தவரை நேரில் ஒரு மணி நேரம் பேசினால் அவருடைய எல்லை எது என்பது ஷீட்டைவிட வேகமாகப் புரியும்.

பறவை பார்ப்பவர்களிடம் இந்த ஒழுங்கு முன்பிருந்தே இருக்கிறது. பள்ளிக்கரணையில் அரிதான ஒரு வாத்தைப் பார்த்ததாக ஈபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்தால், அந்த வட்டாரத்துக்கான தன்னார்வ மதிப்பாய்வாளர் படம் கேட்பார், அல்லது எந்த அடையாளத்தை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்பார். புதிதாக வருபவருக்கு அந்தக் கேள்வியே பாடம். உங்கள் குரூப்பில் மற்றவர்கள் போடுவதை மரியாதையாக இப்படிக் கேட்கும் வழக்கத்தைக் கொண்டுவர முடிந்தால் பாதி வேலை முடிந்தது. வீட்டுக் குரூப்பில் பெரியவர்கள் அனுப்பியதாக இருந்தால் எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம். "பெரியப்பா, இது போன வருஷ வீடியோவாம், லிங்க் இதோ" என்று தனியாக அனுப்பினால் அவரே அழித்துவிடுவார்.

செட்டிங்கில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எக்ஸில் உங்கள் லிஸ்ட்டைப் பின் செய்து அதை மட்டும் படியுங்கள். யூடியூபில் முகப்பை விட்டுவிட்டுச் சந்தாப் பக்கத்துக்குப் போங்கள். இன்ஸ்டாகிராமில் ஃபேவரிட்ஸ் என்று 50 கணக்கு வரை வைக்கலாம், தேதி வரிசையில் காட்டும். நோட்டிஃபிகேஷனை வானிலை மையம் போன்ற ஒன்றிரண்டு கணக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஷீட்டைத் திறந்து, யாரிடமிருந்து இந்தக் காலாண்டில் ஒன்றும் கற்கவில்லையோ அவரை எடுத்துவிடுங்கள். விளம்பர ஒப்பந்தம் வந்தபின் தொனி மாறியவரையும் எடுத்துவிடலாம். அந்த ஷீட்டிலேயே ஒவ்வொருவரும் வேறு எங்கே எழுதுகிறார் என்பதற்கு ஒரு பத்தி போட்டுவையுங்கள்: சொந்தத் தளம், யூடியூப், பேசும் கூட்டம் எதுவானாலும். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. டிக்டாக் 2020 ஜூனில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆட்களின் பட்டியலை அந்த ஆப்புக்குள் மட்டும் வைத்திருந்தவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது. எக்ஸ், ஃபேஸ்புக் இரண்டிலும் உங்கள் தரவைப் பதிவிறக்கும் வசதி செட்டிங்கில் இருக்கிறது. கேட்ட உடனே கோப்பு கிடைக்காது, தயாரானதும் தகவல் வரும். ஆகவே தேவைப்படும் நாள் வரை காத்திருக்காமல், காலாண்டுச் சுத்தம் செய்யும் அன்றே அதையும் கேட்டுவையுங்கள்.